இன்ஜின் ரூம் மூடியைத் திறக்காமலே தீயை அணைக்க: நம் கடற்கரைப் படகுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி, மூக்கையூர் என்று எந்தத் துறையில் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அண்ணே, ஓடிக்கிட்டிருக்கும்போது இன்ஜின் ரூம்ல இருந்து புகை வந்தா என்ன செய்வீங்க?" "என்ன செய்யிறது, மூடியத் தூக்கிப் பாப்போம்." படகு இன்ஜின் வேலையில் 22 வருஷமாக இருக்கிறேன். நானும் முதலில் இந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம். சர்வீஸ் முடித்த இன்ஜினை ஓட்டிப் பார்க்க ஒரு விசைப்படகில் கூடப் போயிருந்தேன். கரை இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். மூடியின் இடுக்கில் வெள்ளையாக மெல்லிய புகை கசிந்தது. பதற்றத்தில் நான்தான் மூடியைத் தூக்கினேன். அதுவரை கங்காகக் கிடந்தது குப்பென்று ஆள் உயரத்துக்கு எழும்பியது. புருவமும் முன்கை மயிரும் கருகிப் போயின. தீயணைப்பான் ஒன்று இருந்தது. அது இன்ஜின் அறைக்குள்ளேயே, ஏணிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அன்று பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். படகு நீர்மட்டம் வரை எரிந்தது.

மூடிய அறையில் பற்றுகிற தீ, உள்ளே இருக்கும் காற்றைத் தின்று கொஞ்ச நேரத்தில் தானாகவே சோர்ந்து போகும். மூடியைத் திறப்பவன் அதற்கு மறுபடி மூச்சுக் கொடுக்கிறான். அதனால் மூடியைத் திறக்கவே தேவைப்படாத மாதிரி படகைத் தயார்படுத்துவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையேறி இருக்கும்போது இந்த வேலைகள் அனைத்தையும் முடித்துவிடலாம்.

முதலில் தீ எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

தீயணைப்பான் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு டார்ச்சும் பழைய வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு இன்ஜின் அறைக்குள் இறங்குங்கள். டீசல் பெட்ரோல் மாதிரி பிடிக்காது என்ற தைரியம் நம் ஆட்களுக்கு அதிகம். நாம் போடும் டீசலுக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் குறைந்தபட்சப் பற்றுநிலையே, அதாவது அதன் ஆவி தீப்பொறியில் பற்றும் சூடே, 35 டிகிரி செல்சியஸ்தான். மே மாதத்து இன்ஜின் அறை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதற்கு மேல், சூடான இரும்பில் பட்டால் தீப்பொறி இல்லாமலே பற்ற டீசலுக்கு ஏறத்தாழ 210 முதல் 250 டிகிரி இருந்தால் போதும். குளிர்விக்கும் நீர்ச்சட்டை இல்லாத மேனிஃபோல்டும் (இன்ஜின் புகை வெளியேறும் இரும்புக் குழாய்) டர்போவும், மடி வலை இழுக்கும்போது 400 டிகிரியைத் தொடக்கூடும்.

ஆகவே நாசில் பைப்பிலிருந்து தொடங்குங்கள். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இந்த மெல்லிய பைப்பில் அழுத்தம் மிக அதிகம். இன்ஜினின் அதிர்வில் இரும்பு களைத்து, நட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல வெடிப்பு விழும். அதிலிருந்து வருவது சொட்டாக வராது, பனிமூட்டம் போலப் பீய்ச்சும். அந்த மூட்டம் மேனிஃபோல்டில் பட்டால் அடுத்த நொடி தீதான். பைப்புகளைப் பிடிக்கும் கிளாம்புகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றனவா, யாராவது கழற்றிவிட்டுச் சும்மா விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கிளாம்பு இல்லாத பைப் சீக்கிரம் உடையும். ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரும். ஓடும்போது ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள், இல்லையென்றால் நிறுத்தியபின் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

அடுத்தது மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப். அதற்கும் டேங்கிலிருந்து வரும் லைனுக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கும் படகுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். டீசல் ஓடுவது தெரிகிறது, விலையும் குறைவு என்பார்கள். தீ வந்தால் முதலில் உருகுவது அதுதான். உருகியதும் டேங்க் முழுவதும் தீக்குள் வடியும். படகு எரிபொருளுக்கென்றே தீயைத் தாங்கும் ரப்பர் ஹோஸ் வருகிறது. ஐ.எஸ்.ஓ. 7840 என்ற எண் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அந்தத் தரத்து ஹோஸ் நேரடித் தீயில் இரண்டரை நிமிடம் தாங்க வேண்டும் என்பது விதி. கரையில் உட்கார்ந்து கேட்டால் இரண்டரை நிமிடம் அற்பமாகத் தெரியும். வால்வை மூட உங்களுக்கு அரை நிமிடம்தான் தேவை. ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப் போடுங்கள். கட்டுக்கம்பி முறுக்கி விடுவதை இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேனிஃபோல்டுக்கும் சைலன்சர் பைப்புக்கும் வெப்பக் காப்பு வேண்டும். பெரிய கப்பல்களுக்கான சோலாஸ் உடன்படிக்கை, எண்ணெய் தெறிக்கக்கூடிய இடத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பரப்பை மூடச் சொல்கிறது. நம் படகை அந்த விதி கட்டுப்படுத்தாது, ஆனால் டீசலுக்குக் கப்பலும் வள்ளமும் ஒன்றுதான். கண்ணாடி இழைத் துணியைச் சுற்றி, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்திக் கட்டுங்கள். தகடு இல்லாமல் வெறும் துணி சுற்றினால் அது எண்ணெயைக் குடித்து விளக்குத் திரி போல ஆகிவிடும். எண்ணெய் ஊறிய பழைய சுற்றைக் கழற்றி எறிந்துவிடுங்கள். பைப் மரத்தைத் தொட்டுக்கொண்டு வெளியேறும் இடத்தையும் பாருங்கள். அங்கே பலகை கறுத்திருந்தால் அது பல மாதமாகத் தணலில் கிடக்கிறது என்று அர்த்தம்.

கடல் தண்ணீர் உறிஞ்சும் வழி அடைத்தாலும் இன்ஜின் கொதித்து இதே இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்தும். பாக் விரிகுடாவில் கடற்புல் அதிகம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காலத்தில் அறுந்து மிதக்கும். வடிகட்டியை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் திறந்து பாருங்கள். சூடு ஏறினால் மணி அடிக்கும் சென்சார் ஒன்று படகோட்டும் வீல் ஹவுஸில் இருந்தால் புகை வருவதற்கு முன்பே தெரியும். செலவும் பெரிதில்லை.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முனைகளுக்கு ரப்பர் மூடி, பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ், ஆடாமல் கட்டிய பெட்டி. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். அதனால் பெட்டிக்கு மேலே காற்றோட்டம் வேண்டும். கடல் தண்ணீர் பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும், அதனால் இன்ஜின் அறைத் தண்ணீர் மட்டத்துக்கு நன்கு மேலே வையுங்கள். இன்ஜினுக்கு அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள், அதைக் கடலில் ஊற்றாதீர்கள். எண்ணெய்த் துணிகள் மூடியுள்ள தகர டப்பாவில் இருக்கட்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்ந்து வந்து இன்ஜின் அறையில்தான் தங்கும். சிலிண்டர் மேல்தளத்தில், திறந்த வெளியில் மட்டுமே இருக்க வேண்டும்.

இன்ஜின் அறையை அளந்து கணக்குப் போடுங்கள்

கடைக்குப் போய் "ஒரு ஃபயர் சிலிண்டர் குடுங்க" என்று கேட்பதில்தான் பாதித் தவறு இருக்கிறது. எந்த அறைக்கு, எவ்வளவு என்று தெரிந்து கேட்க வேண்டும். டேப் எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். நீளம் 2.5, அகலம் 2, உயரம் 1.2 என்றால் 6 கன மீட்டர். இன்ஜின் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கழிக்க வேண்டாம், கூடுதலாக இருந்தால் நல்லதுதான்.

மூடிய இன்ஜின் அறைக்கு நான் சொல்வது கார்பன் டை ஆக்சைடு. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அறையின் மூலைமுடுக்கெல்லாம் இறங்கி நிறையும், இன்ஜினைக் கெடுக்காது. இவ்வளவு பெரிய அறையை நிரப்ப ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.07 கிலோ என்பது தொழில்துறையில் புழங்கும் கணக்கு. 6 கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 6.4 கிலோ வருகிறது. நம் படகு அறைகளில் பலகை இடுக்குகள் நிறைய, கொஞ்சம் வெளியே போய்விடும். அதனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4.5 கிலோ சிலிண்டர் இரண்டு வாங்குங்கள், 9 கிலோ ஆகிறது. சின்ன வள்ளத்தின் இன்ஜின் பெட்டி ஒன்றிரண்டு கன மீட்டருக்குள் இருந்தால் ஒரே 4.5 கிலோ போதும்.

இதோடு மேல்தளத்துக்கு 6 கிலோ ஏ.பி.சி. பவுடர் ஒன்று. பவுடர் மரம், எண்ணெய், கேஸ் எல்லாவற்றுக்கும் கேட்கும், வெளிக்காற்றிலும் வேலை செய்யும். கார்பன் டை ஆக்சைடு திறந்த தளத்தில் காற்றோடு போய்விடும். ஆனால் பவுடர் குளிர்விக்காது. தூசி அடங்கியதும் இரும்பு சூடாகவே இருந்தால் மறுபடி பற்றும். வலை, கயிறு, பலகை பற்றினால் கயிறு கட்டிய வாளியும் கடல் தண்ணீரும்தான் மிகச் சிறந்த கருவி, நம்மைச் சுற்றி அதற்குப் பஞ்சமே இல்லை. டீசல் தீயில் மட்டும் தண்ணீரை வீசாதீர்கள். தண்ணீர் அடியில் போய்க் கொதித்து, எரியும் டீசலை மேலே தூக்கி எறியும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் உடம்பில் இருக்கிறதா, தயாரித்த வருஷம் எது என்று பாருங்கள். பழைய கப்பலிலிருந்து கழற்றிய ஹேலான் என்ற தீயணைப்பு வாயு சிலிண்டரை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை வழியாக அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டுவிட்டது, தீர்ந்தால் நிரப்ப இடம் இல்லை.

மூடியில் ஒரு கண் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான். செலவும் இதற்குத்தான் மிகக் குறைவு. இன்ஜின் அறை மூடியிலோ பக்கவாட்டுப் பலகையிலோ தீயணைப்பானின் வாயை நுழைக்க ஒரு துளை போட்டு, அதற்கு ஒரு மூடி வைக்க வேண்டும். புகை வந்தால் பெரிய மூடியை யாரும் தொடமாட்டார்கள். சின்ன மூடியைத் தள்ளி, வாயை நுழைத்து, சிலிண்டரை முழுசாகக் காலி செய்து, திரும்ப அடைத்துவிடுவார்கள்.

செய்யும் முறை இப்படி. உங்கள் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் கறுப்புப் புனலை அளந்துகொள்ளுங்கள். அது நுழையும் அளவுக்குத் துளை. பவுடர் தீயணைப்பானின் மெல்லிய ஹோஸ் மட்டும் என்றால் ஒரு அங்குலம் போதும். துளையிடும் இடத்தைத் தேர்வதற்கு முன் உள்ளே ஒரு ஆளை நிற்க வைத்து, மேலிருந்து ஒரு குச்சியை நீட்டிப் பாருங்கள். குச்சி இன்ஜினின் கீழ்ப்பக்கத்தை, டீசல் பம்பு இருக்கும் திசையை நோக்க வேண்டும். டேங்கோ பைப்போ உடனே தடுக்கிற இடமாக இருக்கக் கூடாது. சைலன்சருக்கு நேர் மேலேயும் வேண்டாம், அந்த இடத்தில்தான் தீ உங்கள் கையைத் தொடும்.

துளைக்கு மேலே ஒற்றை ஆணியில் சுழலும் பித்தளை அல்லது ஸ்டீல் தகடு, அதன் அடியில் ரப்பர். மழையும் அலைத் தண்ணீரும் உள்ளே போகாது, ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். பூட்டு, திருகு எதுவும் கூடாது. சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள், இருட்டில் தடவித் தேடுவதற்கு வட்டத்தின் விளிம்பில் ஒரு கயிற்று வளையம் ஒட்டுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அதைத் தேடப் போவது தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு பையன் என்று நினைத்து இதைச் செய்யுங்கள்.

தீயணைப்பான்கள் இருக்க வேண்டிய இடமும் இதோடு முடிவாகிறது. இரண்டு கார்பன் டை ஆக்சைடும் வீல் ஹவுஸ் வாசலுக்கு வெளியே, அந்தத் துளைக்கு எட்டும் தூரத்தில். பவுடர் படகின் முன்புறமான அணியத்துப் பக்கம், ஆட்கள் படுக்கும் இடத்தில். இன்ஜின் அறைக்குள் எதுவுமே வேண்டாம். மாட்டும் கொக்கி ஸ்டீலாக இருக்கட்டும், மற்ற இரும்பு நம் உப்புக்காற்றில் ஒரு வருஷம் தாங்காது. சிலிண்டரைக் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், அந்த முடிச்சை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து நிறுத்த மூன்று கைப்பிடி

சிலிண்டரை எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. 6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின் 1500 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,500 லிட்டர் காற்றை உறிஞ்சும். நாம் மேலே பார்த்த 6 கன மீட்டர் அறையை ஒன்றரை நிமிடத்துக்குள் உறிஞ்சிச் சைலன்சர் வழியாக வெளியே தள்ளிவிடும். நீங்கள் அடித்த கார்பன் டை ஆக்சைடும் அதோடு போகும். எனவே இன்ஜின் முதலில் நிற்க வேண்டும், அதுவும் மூடியைத் திறக்காமல்.

பழைய டீசல் இன்ஜின்களில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது, பம்பில் உள்ள ஸ்டாப் லீவரை இழுக்க வேண்டும். பல படகுகளில் அந்த லீவருக்கு நைலான் நரம்பு கட்டி மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். தீயில் அது முதல் பத்து விநாடியில் அறுந்துவிடும். லாரிக்குப் போடும் ஸ்டீல் கேபிளை உறையோடு வாங்கிப் போடுங்கள்.

இரண்டாவது டீசல் வால்வு. டேங்கின் வாயிலேயே, கால் சுற்றில் மூடும் பித்தளை வால்வு போட்டு, அதன் கைப்பிடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைப் பலகை வழியாக வெளியே கொண்டுவாருங்கள். இழுத்தால் மூட வேண்டும், தள்ளினால் திறக்க வேண்டும். எல்லாரும் பதற்றத்தில் இழுப்பார்களே தவிர யாரும் தள்ளமாட்டார்கள். ஸ்டாப் கேபிள் அறுந்தே போனாலும் வால்வை மூடினால் லைனில் உள்ள டீசல் தீர்ந்ததும் இன்ஜின் நின்றுவிடும்.

மூன்றாவது பேட்டரி மெயின் சுவிட்ச். இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் வயர் உரசித் தீ வந்தால் இதை அணைக்கும் வரை எந்தத் தீயணைப்பானும் கேட்காது. ஒயர்லெஸ் பெட்டிக்கும் ஒரு விளக்குக்கும் தனிச் சின்ன பேட்டரி மேலே வைத்துவிடுங்கள். மெயினை அணைத்த பிறகு உதவிக்குக் கூப்பிட அதுதான் இருக்கும்.

மூன்று கைப்பிடிகளும் ஒரே இடத்தில், 1, 2, 3 என்று பெரிய எண் எழுதி வரிசையாக. காற்று வரும் குழாய்களுக்கும் ஜன்னல்களுக்கும் வெளியிலிருந்து அடைக்கும் பலகையோ, அதே அளவுக்குத் தைத்த தடித்த ஈரச்சாக்கோ தயாராக இருக்கட்டும்.

சூட்டில் கண்ணாடிக் குமிழ் உடைந்து தானாகப் பவுடர் கொட்டும் உருண்டையும் கடையில் கிடைக்கிறது, அறை கூரையில் தொங்கவிடுவார்கள். ஆள் இல்லாத நேரத்துக்கு நல்லதுதான். அதன் கண்ணாடிக் குமிழின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு 68 டிகிரியில் உடையும், மஞ்சள் 79, பச்சை 93. நம் வெயிலில் இன்ஜினுக்கு மேலே சிவப்புக் குமிழ் வைத்தால் தீயே இல்லாமல் ஒருநாள் கொட்டிவிடும். மஞ்சள் அல்லது பச்சைதான் சரி. அது கொட்டிய சத்தம் கேட்டதும் நீங்கள் 1, 2, 3 கைப்பிடிகளை இழுக்கத்தான் வேண்டும், உருண்டை தொங்குகிறதே என்று இருந்துவிட முடியாது.

ஃபைபர் படகுக்கு

வெளியே மாட்டும் இன்ஜினில் மூடிய அறை கிடையாது, அதனால் கார்பன் டை ஆக்சைடு வேண்டாம். 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் இரண்டு, அணியத்துப் பக்கம். 2 கிலோ பவுடர் பத்து விநாடி போலத்தான் வரும், ஒன்று போதாது. மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினையும் பெட்ரோல் ஊற்றித்தான் கிளப்புகிறோம். ஆபத்து அந்தக் கொஞ்சப் பெட்ரோலில்தான் இருக்கிறது. கேனைக் கரையில், மண்ணில் வைத்து நிரப்புங்கள், படகுக்குள் வைத்து ஊற்றாதீர்கள். ஊற்றும்போது பீடி கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டே ஊற்றி வழியவிடுவதையும் நிறுத்த வேண்டும். ஃபைபர் பற்றிவிட்டால் கரும்புகை மிகக் கொடியது. இரண்டு சிலிண்டரும் தீர்ந்தும் எரிந்தால் லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறங்குவதுதான் வழி.

மாதம் ஒருமுறை

பவுடர் படகின் அதிர்வில் அடியில் போய்க் கல் போல இறுகிவிடும். அழுத்தம் காட்டும் முள் பச்சையில்தான் நிற்கும், அழுத்தினால் காற்று மட்டும் வரும். மாதம் ஒருமுறை கொக்கியிலிருந்து எடுத்து, தலைகீழாகப் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மணல் சரிவது போலச் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் திறந்து நிரப்ப அனுப்புங்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது. எடைதான் ஒரே கணக்கு. காலி எடை உடம்பில் பொறித்திருக்கும். மீன் ஏலக் கூடத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். 4.5 கிலோ சிலிண்டரில் 450 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். நிரப்பி வந்ததையும் அதே தராசில் வைத்துத்தான் வாங்க வேண்டும், லேபிளில் தேதி இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனையும் தேவை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து, பின்னிலும் கைப்பிடி மூட்டிலும் வாசலின் தடவுங்கள். உப்பில் இறுகிய பின்னை இழுக்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

புகை தெரிந்ததும்

தடைக்காலத்தில் ஒருநாள் எல்லா ஆட்களையும் படகில் நிற்க வைத்து இதைச் செய்து பாருங்கள். நிரப்ப அனுப்பப் போகிற பழைய சிலிண்டரைக் கரையில் தட்டில் டீசல் எரியவிட்டு அடித்துப் பழகலாம். தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து காட்டிக்கொடுப்பார்கள், அவர்கள் முன்னால் செய்வதுதான் நல்லது.

முதலில் சத்தம் போட்டு எல்லாரையும் மேலே வரவழைத்து எண்ணுங்கள். அறைக்குள் யாராவது இருந்தால் கார்பன் டை ஆக்சைடு அடிக்கவே கூடாது. காற்றில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே சில நிமிடத்தில் மயக்கம் போடும், அணைக்கத் தேவையான அளவில் ஆள் பிழைக்க மாட்டான். எண்ணிக்கை சரியென்றால் 1, 2, 3 கைப்பிடிகள். காற்று வழிகளை அடைப்பது. பிறகு துளை வழியாக முதல் சிலிண்டர், உடனே இரண்டாவது, நடுவில் நிறுத்தாமல் முழுசாக. புனலைக் கையால் பிடிக்காதீர்கள், வருவது உறைபனிக்கும் கீழே மைனஸ் 78 டிகிரி, தோல் ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். துளையை மூடுங்கள்.

இதே நேரத்தில் இன்னொருவர் அணியத்தில் நங்கூரத்தைப் போட வேண்டும். இன்ஜின் நின்ற படகு காற்றுக்குக் குறுக்காகத் திரும்பிவிடும், புகையும் தீயும் தளம் முழுக்க அடிக்கும். பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, நங்கூரம் பெரும்பாலும் தரையைப் பிடித்துவிடும். பிடித்ததும் அணியம் காற்றை நோக்கி நிற்கும், புகை பின்பக்கம் போகும், ஆட்கள் அணியத்தில் சுத்தமான காற்றில் நிற்கலாம். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆழத்தில் இருப்பவர்கள் பாதி நீரில் மூழ்கிய வாளியையோ மடியின் ஒரு பகுதியையோ அணியத்திலிருந்து கயிற்றில் விட்டால் ஓரளவு அதே வேலையைச் செய்யும்.

லைஃப் ஜாக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள், தீ பெரிதான பிறகு தேடக் கூடாது. ஒயர்லெஸ்ஸில் சேனல் 16-ல் உயிராபத்து அழைப்பான "மேடே" மூன்று முறை, படகின் பெயர், ஜி.பி.எஸ். எண், "இன்ஜின் ரூமில் தீ", எத்தனை ஆட்கள் என்று சொல்லுங்கள். செல் எடுத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093. ஆனால் உங்களிடம் முதலில் வந்து சேரப்போவது பக்கத்தில் மடி இழுக்கும் படகுதான். பகலில் துணியைச் சுழற்றுங்கள், இரவில் டார்ச்சை விட்டு விட்டு அடியுங்கள். குதிக்க வேண்டி வந்தால் காற்று வரும் பக்கத்தில் குதியுங்கள். எரியும் டீசல் காற்றோடு விலகிப் போகும்.

புகை நின்றுவிட்டால் பெரிய மூடியை உடனே திறந்து பார்க்கத்தான் கை துடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது பொறுங்கள். புறங்கையை மூடியின் மேல் வைத்துப் பாருங்கள், சூடு இருந்தால் இன்னும் காத்திருங்கள். திறந்தாலும் உள்ளே இறங்காதீர்கள். கனமான வாயு கீழே தேங்கி நிற்கும், முதலில் போனவன் விழ, அவனைத் தூக்கப் போனவனும் விழுவான். எல்லா வழிகளையும் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டு, கயிறு கட்டிய ஒருவர் மட்டும், மேலே இரண்டு பேர் பிடிக்க. இன்ஜினைக் கிளப்பாதீர்கள், கட்டி இழுத்து வரச் சொல்லுங்கள்.

கரைக்கு வந்ததும், பவுடர் பட்டிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள். ஈரம் பட்ட ஏ.பி.சி. பவுடர் அமிலமாகி அலுமினியத்தையும் செம்பு வயரையும் அரிக்கத் தொடங்கும். தீயணைப்பானைக் கொஞ்சமே அடித்திருந்தாலும் அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும், அதை மறுபடி கொக்கியில் மாட்டாதீர்கள். நிரப்பி, தராசில் நிறுத்து, கொக்கியில் ஏற்றிய பிறகு கடலுக்குப் போக அடுத்த அனுமதி டோக்கன் எடுங்கள்.